பல்கலைக்கழகத்தின் பெயர், மாணவர்களின் செலவு

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஐஸ் ஹாக்கி இரண்டு நிலைகளில் ஆடப்படுகிறது. முதலாவது, தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏவின் கீழ் வரும் ‘வார்சிட்டி’ நிலை. அங்கே அணி பல்கலைக்கழகத்தின் சொந்த அணி. பயிற்சியாளர் சம்பளம் வாங்கும் ஊழியர். முதல் பிரிவில் ஆடுபவர்கள் பலருக்குப் படிப்பு உதவித்தொகையும் உண்டு. பேருந்து, மருத்துவர், ஸ்டிக் எல்லாம் விளையாட்டுத் துறையின் கணக்கில் போகும். இரண்டாவது ‘கிளப்’ நிலை. சட்டையில் அதே நிறம், நெஞ்சில் அதே பல்கலைக்கழகத்தின் பெயர். நிர்வாகத்தின் ஏடுகளிலோ அது சதுரங்க மன்றம், நாடக மன்றம் வரிசையில் வரும் ஒரு மாணவர் அமைப்பு, அவ்வளவே. என்சிஏஏ முதல் பிரிவில் ஆண்கள் ஹாக்கி அணிகள் அறுபத்துச் சொச்சம். கிளப் அணிகளுக்காக 1991இல் தொடங்கப்பட்ட ஏசிஎச்ஏ என்ற அமெரிக்கக் கல்லூரி ஹாக்கி சங்கத்தில் ஆண்களுக்கு மூன்று, பெண்களுக்கு இரண்டு எனப் பிரிவுகளும், நானூற்றுக்கும் மேற்பட்ட அணிகளும் இருக்கின்றன. கல்லூரியில் ஹாக்கி ஆடும் மாணவர்களில் பெரும்பாலோர், தொலைக்காட்சிக்குத் தெரியாத இந்த இரண்டாம் நிலையில்தான் ஆடுகிறார்கள்.

கிளப் விளையாட்டுகள் எல்லாமே கைக்காசில் ஓடுபவைதாம். ரக்பி அணிக்கு ஒரு புல்வெளி கிடைத்தால் போதும். ஹாக்கிக்கு 200 அடி நீளமும் 85 அடி அகலமும் கொண்ட பனித்தளம் வேண்டும். அதன் அடியில் குளிரூட்டும் குழாய்கள் ஆண்டில் பல மாதங்கள் ஓயாமல் ஓட வேண்டும். சொந்தப் பனித்தளம் உள்ள பல்கலைக்கழகங்கள் குறைவு. மற்றவற்றின் அணிகள் நகராட்சி அல்லது தனியார் பனித்தளத்தில் (‘ரிங்க்’) நேரத்தை வாடகைக்கு எடுக்கின்றன. மணிக்கு 200 முதல் 400 டாலர் வரை ஆவது சாதாரணம். வாரத்துக்கு 4 மணி நேரம், 24 வாரங்கள், மணிக்கு 300 டாலர் என்று வைத்தால் பயிற்சிக்கு மட்டும் 28,800 டாலர். ஆட்ட நாள் வாடகை, நடுவர் கட்டணம், வெளியூர்ப் பயணம், விடுதி, சங்கப் பதிவு எல்லாம் இதற்கு மேல். மாலை 4 முதல் 9 வரையிலான நல்ல நேரத்தைச் சிறுவர் ஹாக்கியும் ஃபிகர் ஸ்கேட்டிங் வகுப்புகளும் எடுத்துக்கொள்ளும். அவைதாம் ரிங்குக்கு நிரந்தர வாடிக்கை. கல்லூரி கிளப்புக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரவு 9.30க்குப் பிந்தைய நேரம். மறுநாள் காலை 8 மணிக்கு வேதியியல் ஆய்வகம் இருக்கும் மாணவர் நள்ளிரவில் காலணி கழற்றிக்கொண்டிருப்பார்.

இந்தச் செலவை யார் தாங்குகிறார்கள்? மாணவர் கட்டண நிதியிலிருந்து மாணவர் பேரவையோ பொழுதுபோக்கு விளையாட்டுத் துறையோ ஒதுக்கும் தொகை பெரும்பாலும் மொத்தத்தில் சிறு பங்குதான். டிக்கெட் விற்பனை, முன்னாள் மாணவர் நன்கொடை, உள்ளூர்க் கடைகளின் விளம்பரம் ஆகியவை கொஞ்சம் ஈடுகட்டும். மீதி ஆட்டக்காரரின் குடும்பத்திலிருந்து வரும் சந்தா. அணியைப் பொறுத்து அது ஆண்டுக்கு 1,000 டாலரிலிருந்து பல ஆயிரம் டாலர் வரை போகிறது. கல்விக் கட்டணமும் பாதுகாப்புக் கவசங்களின் விலையும் தனி. ஆட்டத் தரம் என்ற சல்லடைக்கு முன்பே வசதி என்ற சல்லடை வேலை செய்துவிடுகிறது. ஐஸ் ஹாக்கி வசதி படைத்தோரின் விளையாட்டு என்ற பழைய குற்றச்சாட்டைக் கிளப் நிலை இன்னும் கூர்மையாக்குகிறது.

இந்த ஏற்பாட்டின் நடுவில் நிற்கும் பயிற்சியாளரின் நிலை விசித்திரமானது. பெரும்பாலோருக்குப் பகலில் வேறு வேலை இருக்கிறது. அணியிலிருந்து கிடைப்பது ஒரு சிறு மதிப்பூதியம். சிலருக்கு அதுவும் இல்லை. பல பல்கலைக்கழகங்களின் விதிப்படி கிளப்பை நடத்துவோர் மாணவ நிர்வாகிகள்தாம். நிதிக் கோரிக்கையில் கையெழுத்திடுவதும் நிர்வாகத்துடன் கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்வதும் அவர்கள் பொறுப்பு. பயிற்சியாளரை நியமிப்பதும், பிடிக்காவிட்டால் மாற்றுவதும்கூடப் பல இடங்களில் அவர்கள் கையில். கிளப்பின் தலைவர் இருபது வயது மாணவர். அவரே அணியின் இடது பக்கத் தடுப்பாட்டக்காரராகவும் இருக்கலாம். சனிக்கிழமை ஆட்டத்தில் அவரை பெஞ்சில் உட்கார வைத்த பயிற்சியாளரின் ஒப்பந்தம் திங்கட்கிழமை அவரிடமே புதுப்பிப்புக்குப் போகும். நிர்வாகவியல் பாடநூல்களில் இப்படியொரு அமைப்பை யாரும் சிபாரிசு செய்திருக்க வாய்ப்பில்லை.

சந்தா கட்டுவதே இன்னொரு சிக்கலைக் கொண்டுவருகிறது. ஹாக்கியில் ஓர் ஆட்டக்காரர் களத்தில் தொடர்ந்து நிற்பது 40, 50 விநாடிகள்தான். பிறகு ‘லைன்’ எனப்படும் அடுத்த குழு இறங்கும். யார் எத்தனை முறை இறங்குகிறார், எதிரணியில் ஒருவர் தண்டனை பெற்று வெளியே இருக்கும் ‘பவர் பிளே’ நேரத்தில் யார் இறங்குகிறார் என்பதில்தான் பயிற்சியாளரின் முடிவுகள் வெளிப்படும். உதவித்தொகை பெறும் ஆட்டக்காரர் பெஞ்சில் உட்கார்ந்தால் மனத்தாங்கலோடு முடியும். 3,000 டாலர் கட்டிய ஆட்டக்காரர் உட்கார்ந்தால் அது கொடுத்த காசுக்குச் சேவை கிடைக்கவில்லை என்ற புகாராகிறது. வெற்றிக்கான அணியைத் தேர்வதா, கட்டியவர்கள் அனைவருக்கும் ஆட்டம் கொடுப்பதா என்ற கேள்வியை ஒவ்வொரு கிளப் பயிற்சியாளரும் சீசன் தொடக்கத்திலேயே தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தேர்ந்த பயிற்சியாளர்கள் இதைச் செப்டம்பரிலேயே எழுத்தில் வைத்துவிடுகிறார்கள். எழுதாதவர்களுக்கு நவம்பரில் பெற்றோரின் மின்னஞ்சல்கள் வரத் தொடங்கும்.

மாணவ நிர்வாகிகள் ஆண்டுதோறும் பட்டம் பெற்று வெளியேறுகிறார்கள். எந்த ரிங்கோடு என்ன பேச்சு, எந்த நன்கொடையாளரை எப்போது அழைக்க வேண்டும், போன ஆண்டுப் பயணக் கணக்கில் என்ன தவறு நடந்தது என்ற நினைவெல்லாம் தங்கும் ஒரே இடம் பயிற்சியாளர். சம்பளமில்லாத அவர் விலகினால், அணி ஓரிரு ஆண்டுகளில் பிரிவு இறங்குவதோ கலைவதோ அபூர்வமல்ல.

பணத்தைவிடக் கவலைக்குரியது பாதுகாப்பு. உடல் மோதல் அனுமதிக்கப்பட்ட ஆண்கள் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி ஏற்படுவது அறியப்பட்ட ஆபத்து. வார்சிட்டி அணியில் ஆட்டக்காரர் மீண்டும் இறங்கலாமா என்பதைப் பயிற்சியாளருக்குக் கட்டுப்படாத மருத்துவப் பணியாளர் முடிவு செய்வார். கிளப் அணிக்குக் காயங்களைக் கவனிக்கும் சான்றுபெற்ற அத்லெட்டிக் டிரெய்னர் பயிற்சி நாள்களில் இருப்பது அரிது. ஆட்ட நாளுக்குத் தனியே கூலி கொடுத்து வரவழைக்க வேண்டும். அவர் இல்லாத இரவில், வெற்றியை விரும்பும் பயிற்சியாளரே மருத்துவ முடிவையும் எடுக்கும்படி ஆகிவிடுகிறது. பயணத்திலும் இதே கதை. 15 பேர் அமரும் வேன்கள் எளிதில் கவிழ்கின்றன என்று அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2001இல் எச்சரித்த பிறகு பல பல்கலைக்கழகங்கள் அவற்றைத் தடை செய்தன. தடை சரியானது. பேருந்துக்கான பணத்தைத் தடையோடு சேர்த்து யாரும் கொடுக்கவில்லை. பனி படர்ந்த சாலையில் ஆட்டம் முடிந்த களைப்போடு மாணவர்கள் தங்கள் சொந்தக் கார்களை ஓட்டிக்கொண்டு திரும்புவது அதனால் குறைந்துவிடவில்லை.

பல்கலைக்கழகங்கள் தள்ளி நிற்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன; எல்லாம் சாக்கு அல்ல. ஆண்கள் ஹாக்கியை வார்சிட்டியாக உயர்த்துவது இருபத்தைந்துக்கும் மேற்பட்டவர்களைப் புதிதாகச் சேர்ப்பதாகும். கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டின் ‘டைட்டில் 9’ சட்டப்படி, பெண்களுக்கான வாய்ப்புகளையும் நிறுவனம் கணக்கில் கொள்ள வேண்டும். ஆகவே ஓர் ஆண்கள் அணியைச் சேர்ப்பது நடைமுறையில் பெண்கள் அணி ஒன்றை அல்லது இரண்டைச் சேர்ப்பதும் ஆகும். அரங்கம் இல்லாத இடத்தில் அரங்கமும் கட்ட வேண்டும். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கிளப் அணி 2005, 2008 ஆண்டுகளில் ஏசிஎச்ஏ தேசியப் பட்டம் வென்ற அணி. 2008இல் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. அது ஆடும் அரங்கம் 1931இல் கட்டியது. 2017இல் தொழில்முறை லீக்கான என்ஹெச்எல்லும் அதன் ஆட்டக்காரர் சங்கமும் பணம் கொடுத்து, அங்கே வார்சிட்டி ஹாக்கி சாத்தியமா என்று ஆய்வு நடத்தின. நகர மையத்தில் புதிய அரங்கு வரை பேச்சு போனது. பெருந்தொற்று வந்து வருவாய்க் கணக்குகள் குலைந்ததும் திட்டம் கைவிடப்பட்டது.

டைட்டில் 9 ஆண்கள் கிளப்புகளுக்கு முட்டுக்கட்டை என்ற புலம்பல் பயிற்சியாளர்களிடையே அதிகம் கேட்கும். அதே சட்டம் ஒரு பெண்கள் கிளப்பைக் கரையேற்றிய வரலாற்றையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும். நியூயார்க் மாநிலத்தின் கோல்கேட் பல்கலைக்கழகத்தில் பெண்கள் கிளப் ஹாக்கி அணி 1979, 1983, 1986, 1988 என நான்கு முறை வார்சிட்டி தகுதி கேட்டது. நான்கு முறையும் மறுப்பு. 1990இல் ஆட்டக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். அப்போது ஆண்கள் அணிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் டாலருக்கு மேல் செலவானது. பெண்கள் கிளப்புக்குக் கிடைத்தது 5,000 டாலருக்கும் குறைவு. பள்ளிகளில் பெண்கள் ஹாக்கி ஆடுவதில்லை, சில கல்லூரிகளில்தான் அணி உண்டு, செலவு அதிகம், ஆர்வமும் திறமையும் போதாது என்று பல்கலைக்கழகம் வாதிட்டது. 1992இல் தீர்ப்பு மாணவியருக்குச் சாதகமாக வந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1993இல் அதை ரத்து செய்தது. வாதத்தில் குற்றம் கண்டு அல்ல. வழக்குத் தொடுத்தவர்கள் அதற்குள் படிப்பை முடித்துவிட்டார்கள் அல்லது முடிக்கும் தறுவாயில் இருந்தார்கள், அணி வார்சிட்டி ஆனாலும் அவர்கள் அதில் ஆடப் போவதில்லை என்ற காரணத்துக்காக. நான்கு ஆண்டில் வெளியேறுபவர்களால் ஒரு நிறுவனத்தோடு போராட முடியாது என்ற கிளப் அணிகளின் அடிப்படைப் பலவீனம் நீதிமன்றத்திலேயே பதிவானது. அடுத்த தலைமுறை மாணவியர் மீண்டும் வழக்குத் தொடுத்தனர். 1997இல் சமரசம் ஏற்பட்டு வார்சிட்டி தகுதி வந்தது. 2018இல் கோல்கேட் பெண்கள் அணி என்சிஏஏ இறுதியாட்டம் வரை சென்று, கூடுதல் நேரத்தில் 2-1 என கிளார்க்சன் பல்கலைக்கழகத்திடம் தோற்றது. ஆர்வமும் திறமையும் போதாது என்ற வாதத்தின் இப்போதைய நிலை அது.

வழக்குக்கு அடுத்தபடியாக நிறுவனத்தை அசைத்த இன்னொரு சக்தி பெரும் நன்கொடை. பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ‘ஐசர்ஸ்’ கிளப் அணி 1971இல் தொடங்கியது. ஜோ பட்டிஸ்டா பயிற்சியாளராக இருந்த 1987-2006 காலத்தில் ஆறு தேசியப் பட்டங்கள். அவற்றில் நான்கு 2000 முதல் 2003 வரை தொடர்ச்சியாக. சுமார் 1,350 பேர் அமரும் சிறு அரங்கில் ரசிகர் கூட்டமும் இருந்தது. இத்தனை இருந்தும் நாற்பது ஆண்டுக் கோரிக்கைக்கு வராத பதில், முன்னாள் மாணவரும் எரிவாயுத் தொழிலதிபருமான டெர்ரி பெகுலா 2010 செப்டம்பரில் 8.8 கோடி டாலர் தருவதாக அறிவித்ததும் வந்தது. தொகை பின்னர் 10.2 கோடியானது. 2012-13இல் ஆண்கள், பெண்கள் அணிகள் இரண்டும் முதல் பிரிவில் நுழைந்தன. 2013இல் பெகுலா அரங்கம் திறந்தது. ஆண்கள் அணி 2025இல் என்சிஏஏ தொடரின் அரையிறுதிக்கு வந்தது. அரிசோனா ஸ்டேட்டின் பாதையும் இதுவே. அந்த கிளப்பில் முன்பு கோல்கீப்பராக ஆடிய கிரெக் பவர்ஸ் பயிற்சியாளராகி 2014இல் ஏசிஎச்ஏ பட்டம் வென்றார். அதே ஆண்டு நவம்பரில் 3.2 கோடி டாலர் நன்கொடையுடன் முதல் பிரிவு அறிவிப்பு வந்தது. 2019இல் அணி என்சிஏஏ போட்டித் தொடருக்குத் தகுதி பெற்றது. பெண்களுக்கு டிரையத்லான், லாக்ராஸ் அணிகள் சேர்ந்தன. புதிய மல்லட் அரங்கம் 2022இல் திறந்தது.

இந்த இரு வெற்றிக் கதைகளும் கிளப் பயிற்சியாளர்களிடையே ஒரு கெட்ட பழக்கத்தை வளர்த்திருக்கின்றன. என்றாவது ஒரு பெகுலா வருவார் என்ற எதிர்பார்ப்பில் கோரிக்கை எப்போதும் வார்சிட்டியாகவே இருக்கிறது. நிர்வாகத்தின் பதிலும் வழக்கம்போல இல்லை என்பதாகவே இருக்கிறது. ஏறிய அணிகள் எல்லாம் நிலைத்தனவா என்றால் அதுவும் இல்லை. அலபாமா-ஹன்ட்ஸ்வில் அணி 1979இல் கிளப்பாகப் பிறந்து, வார்சிட்டியாக உயர்ந்து, 1996, 1998 ஆண்டுகளில் இரண்டாம் பிரிவுப் பட்டங்களை வென்று, முதல் பிரிவுக்கும் ஏறியது. 2011இல் மீண்டும் கிளப்பாக இறக்கப்படும் என்று அறிவிப்பு. பல்கலைக்கழகத்துக்குப் புதிய தலைவர் வந்ததும் அது திரும்பப் பெறப்பட்டது. 2020 மே மாதம் அணியே ரத்து. ரசிகர்கள் சில நாள்களில் நிதி திரட்டி இன்னொரு சீசன் வாங்கித் தந்தார்கள். 2021இல் ஆட்டம் நின்றது. அலாஸ்கா-ஆங்கரேஜ் அணி 2020இல் வெட்டப்பட்டு, ஆதரவாளர்கள் 30 லட்சம் டாலர் திரட்டிய பிறகு 2022இல் மீண்டும் களமிறங்கியது. வெளியார் பணத்தில் தொங்கும் அணி, வார்சிட்டி என்ற பட்டம் இருந்தாலும் கிளப் அணியின் பாதுகாப்பின்மையோடுதான் வாழ்கிறது.

வார்சிட்டி, கைக்காசில் ஓடும் கிளப் என்ற இரண்டு முனைகளுக்கும் நடுவே வேறு வழிகள் ஏற்கெனவே நடைமுறையில் உள்ளன. மிச்சிகனின் ஏட்ரியன் கல்லூரி 2005 வாக்கில் ஆயிரம் மாணவர்கள்கூட இல்லாமல் தள்ளாடிக்கொண்டிருந்தது. தலைவராக வந்த ஜெஃப்ரி டாக்கிங் விளையாட்டை மாணவர் சேர்க்கைக் கருவியாகப் பார்த்தார். 2007இல் சொந்தப் பனி அரங்கம் திறந்தது. என்சிஏஏ மூன்றாம் பிரிவு அணிகளோடு பல ஏசிஎச்ஏ அணிகளும் வந்தன. ஹாக்கி ஆட வரும் ஒவ்வொருவரும் கல்விக் கட்டணம் கட்டும் மாணவர். அரங்கச் செலவும் பயிற்சியாளர் சம்பளமும் அந்த வருவாயில் அடங்கின. சேர்க்கை சில ஆண்டுகளிலேயே ஒன்றரை மடங்குக்கு மேல் உயர்ந்தது. கட்டணத்தை நம்பி வாழும் சிறிய தனியார் கல்லூரிக்கு இது பொருந்தும். விண்ணப்பங்கள் குவியும் பெரிய அரசுப் பல்கலைக்கழகத்திடம் இதே வாதம் எடுபடாது. அங்கே இருபத்தைந்து மாணவர்கள் கூடினாலும் குறைந்தாலும் யாருக்கும் தெரியாது.

வர்ஜீனியாவின் லிபர்ட்டி பல்கலைக்கழகம் இன்னொரு வழியைக் காட்டுகிறது. அங்கே ஹாக்கி இன்றும் கிளப் விளையாட்டுதான், ஏசிஎச்ஏவில்தான் ஆடுகிறது. ஆனால் கிளப் விளையாட்டுகளுக்கென்றே தனித் துறை உண்டு. பயிற்சியாளர்கள் பல்கலைக்கழக ஊழியர்கள். வளாகத்திலேயே 2006இல் திறந்த பனி அரங்கம் இருக்கிறது. அதன் பெண்கள் அணி ஏசிஎச்ஏ முதல் பிரிவுப் பட்டத்தைப் பலமுறை வென்றிருக்கிறது. வார்சிட்டி ஆகாமலேயே ஒரு நிறுவனம் அணியைத் தன்னுடையது என்று ஏற்க முடியும் என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை.

எல்லாப் பல்கலைக்கழகமும் அரங்கம் கட்ட முடியாது, கட்டவும் வேண்டாம். பயிற்சியாளரைப் பகுதிநேர ஊழியராகவாவது நியமித்து, நியமனத்தையும் நீக்கத்தையும் மாணவ நிர்வாகிகளிடமிருந்து துறைக்கு மாற்றலாம். உடல் மோதல் உள்ள கிளப் விளையாட்டுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஓர் அத்லெட்டிக் டிரெய்னரை வைக்கலாம். ரக்பிக்கும் அவர் பயன்படுவார். ரிங்கோடு தனித்தனி மாணவத் தலைமுறைகள் பேரம் பேசுவதற்குப் பதில் பல்கலைக்கழகமே பல ஆண்டு ஒப்பந்தம் போட்டால் வாடகையும் குறையும், நேரமும் முன்னால் நகரும். இரவுப் பயணத்துக்குப் பேருந்து கட்டாயம் என்று விதி எழுதுபவர்கள் அதற்கான தொகையையும் அதே விதியில் எழுதலாம். இவற்றின் மொத்தச் செலவு முதல் பிரிவு ஹாக்கி அணியின் ஓராண்டுச் செலவில் சிறு பகுதி. இங்கும் டைட்டில் 9 பொருந்தும். பெண்கள் கிளப்புகளுக்கும் அதே ஏற்பாடு செய்வது சட்டக் கடமை. இதற்கு விலையாகப் பயிற்சியாளர்களும் கொஞ்சம் சுதந்திரத்தை இழக்க வேண்டும். நிறுவனத்தின் ஊழியரானால் கணக்குத் தணிக்கை, நடத்தை விதி, புதியவர்களைச் சீண்டுவது பற்றிய விசாரணை எல்லாம் கூடவே வரும். கிளப் என்ற தளர்வை விரும்பியே அங்கே இருப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு இது கசக்கும்.

இந்த விவாதத்துக்கு இப்போது புதிய நெருக்கடியும் சேர்ந்திருக்கிறது. கல்லூரி ஆட்டக்காரர்கள் என்சிஏஏ மீது தொடுத்த ‘ஹவுஸ்’ வழக்கின் சமரசத்துக்கு 2025 ஜூனில் நீதிமன்ற ஒப்புதல் கிடைத்தபின், பெரிய பல்கலைக்கழகங்கள் முதல் ஆண்டில் 2.05 கோடி டாலர் வரை தங்கள் ஆட்டக்காரர்களுக்கே நேரடியாகப் பங்கிட்டுக் கொடுக்கலாம் என்றானது. அந்தப் பணத்தைத் தேடும் விளையாட்டுத் துறைகள் வருவாய் தராத புதிய அணிகளைச் சேர்க்கும் மனநிலையில் இல்லை. மறுபுறம், கனடிய ஜூனியர் லீக்குகளில் ஆடியவர்களும் முதல் பிரிவில் ஆடலாம் என்று என்சிஏஏ 2024 நவம்பரில் முடிவெடுத்தது; 2025 ஆகஸ்டிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. முதல் பிரிவில் இடம் இழப்பவர்கள் மூன்றாம் பிரிவுக்கு இறங்க, அங்கே இடம் இழப்பவர்கள் ஏசிஎச்ஏவுக்கு வருவார்கள். கிளப் அணிகளின் ஆட்டத் தரம் உயரும், மோதலின் வேகமும் அதனோடு உயரும். காயத்தைக் கவனிக்க ஆளில்லாத இரவு 10 மணிப் பயிற்சிகளில் இனி இறங்கப் போவது இன்னும் வேகமான, இன்னும் கனமான ஆட்டக்காரர்கள்.